பெரிய ஊர், வளர்ந்த பிள்ளைகள்: தொலையாமல் சுற்றிவர

சின்னக் குழந்தையோடு ஊர் சுற்றுவது ஒரு வகையில் சுலபம். கையைப் பிடித்துக்கொண்டால் போதும். பதின்மூன்று வயதைத் தாண்டிவிட்டால் கையைப் பிடிக்க விடமாட்டார்கள். நம்மைத் தெரியாதவர்கள் மாதிரி பத்தடி முன்னால் போவார்கள், இல்லையென்றால் போனைப் பார்த்துக்கொண்டே பத்தடி பின்னால் வருவார்கள். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். விடுமுறை என்றால் அக்கா மகனும் சேர்ந்துகொள்வான். இந்தப் பட்டாளத்தோடு பெரும்பாலும் நான் ஒருத்திதான் கிளம்புவேன். அதனால் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறேன்: வழி கண்டுபிடிப்பது அவர்கள் வேலை, பின்னால் நடப்பது என் வேலை.

கேட்க சோம்பேறித்தனமாகத் தெரியலாம். காரணம் இருக்கிறது. யார் பின்னாலோ நடந்துகொண்டே இருக்கிற பிள்ளைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. எந்த ரயில், எந்த நிலையம், தங்குமிடம் எந்தப் பக்கம் என்று எதையும் கவனித்திருக்காது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் திருதிருவென்று முழிக்கும். தானே வழி பார்த்து நடந்த பிள்ளை பிரிந்தாலும் சமாளித்துக்கொள்ளும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பதில் பாதிக்குமேல் இதுதான் என்பது என் கட்சி.

முதல் நாள் இரவே நாளைக்கு யார் வழிகாட்டி என்று முடிவு செய்துவிடுவோம். அன்றைய வழிகாட்டி நாலு கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும்: எந்தப் பாதை, எந்தத் திசை, எங்கே இறங்குவது, எந்த வாசல் வழியாக வெளியே வருவது. இதில் பிள்ளைகள் சறுக்குவது திசையிலும் வாசலிலும்தான். பாரிஸ் மெட்ரோவில் பிளாட்பாரத்துக்குப் போகும் பலகையில் அந்தப் பாதையின் கடைசி நிலையத்தின் பெயர்தான் இருக்கும். நாம் இறங்கும் நிலையத்தை மட்டும் தெரிந்துவைத்தால் போதாது. நியூயார்க்கில் சில நிலையங்களில் வடக்கே போக ஒரு படிக்கட்டு, தெற்கே போகத் தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு படிக்கட்டு. தப்பான பக்கம் இறங்கினால் உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லாத நிலையங்களும் உண்டு. அங்கே எக்ஸ்பிரஸ் ரயில் எல்லா நிலையத்திலும் நிற்காது என்பதையும் ஏறும் முன்னே பார்க்க வேண்டும். லண்டனில் நார்தர்ன் பாதை நகரின் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பேங்க் என்ற நிலையம் வழியாகவும் மற்றது சேரிங் கிராஸ் நிலையம் வழியாகவும் போகும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே கறுப்பு நிறம். ரயிலின் நெற்றியிலும் பிளாட்பாரப் பலகையிலும் 'வயா' என்று என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் ஏற வேண்டும்.

வாசல் விஷயம் இன்னும் மோசம். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கு மேல் வாசல்கள். அங்கே போய் 'ஸ்டேஷன் வாசலில் சந்திப்போம்' என்று சொன்னால் விடிய விடியத் தேட வேண்டியதுதான். எந்த ஊரானாலும் வாசலின் எண்ணையோ பெயரையோ சேர்த்தே சொல்லப் பழக்குங்கள்.

வரைபடத்தை வைஃபை இருக்கும்போதே போனில் இறக்கிவைத்துவிட வேண்டும். இணையம் இல்லாவிட்டாலும் நீலப் புள்ளி நகரும், ஏனென்றால் அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. ஆனால் கூகுள் மேப்ஸ் இணையம் இல்லாமல் பேருந்து, ரயில் வழிகளைச் சொல்லாது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வோம். இன்னொன்று, உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் அந்தப் புள்ளி தெருவுக்குத் தெரு தாவும். சுரங்க நிலையத்திலிருந்து மேலே வந்த முதல் நிமிடத்தில் அதை நம்பி நடக்கத் தொடங்கினால் நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்போம். என் மகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். மேலே வந்ததும் போனைப் பார்க்க மாட்டாள். சுவரோரமாக ஒதுங்கி நின்று, முதலில் தெருமுனைப் பலகையைப் படிப்பாள். அப்புறம் கண்ணுக்குத் தெரிகிற பெரிய கட்டடம் ஒன்றைப் பிடித்து, 'இது நமக்கு முதுகுப் பக்கம் இருக்கணும்' என்பாள். பிறகுதான் கால் எடுத்துவைப்பாள். தம்பி பொறுமையில்லாமல் பெருமூச்சு விடுவான். விடட்டும்.

பிரிந்துவிட்டால்

இதைத்தான் கிளம்பும் முன் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், அவர்கள் கண்ணை உருட்டினாலும் சரி. ரயிலில் சிலர் ஏறிச் சிலர் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால், ஏறியவர்கள் அடுத்த நிலையத்திலேயே இறங்கி, இறங்கிய இடத்தைவிட்டு நகராமல் நிற்க வேண்டும். நின்றுவிட்டவர்கள் அதே திசையில் வரும் அடுத்த ரயிலில் ஏற வேண்டும். யாரும் திரும்பி வரக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தேடத் தொடங்கினால்தான் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்க்கொண்டே இருப்போம். வருகிற ரயில் அடுத்த நிலையத்தில் நிற்காத எக்ஸ்பிரஸாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

இது எங்களுக்கு நடந்தது. மாலைக் கூட்டம். மகன் உள்ளே தாவிவிட்டான், எனக்கு முன்னால் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் வெளுத்துப்போனது. நான் ஒரு விரலைக் காட்டினேன்: ஒரு நிலையம். அவன் தலையாட்டினான், ரயில் நகர்ந்தது. மூடுகிற கதவில் கையை விட்டுத் தடுக்கப் பார்க்க வேண்டாம், பையின் வார் மாட்டிக்கொண்டால் அதைவிடப் பெரிய வம்பு. அடுத்த ரயிலில் போய் இறங்கியபோது இருக்கை ஒன்றின் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் நடக்காத மாதிரி, 'ஏன் இவ்வளவு லேட்டு?' என்றான்.

தெருவிலும் கடைத்தொகுதியிலும் பிரிந்தால் விதி வேறு. கடைசியாகச் சேர்ந்து நின்ற இடத்துக்குத் திரும்புவது. அங்கேயும் பார்க்க முடியவில்லை என்றால், அன்று காலை பேசிவைத்த இடத்துக்கு. சிலை, மணிக்கூண்டு, நூலக வாசல் என்று நகராத ஒன்றாக இருக்க வேண்டும். இரவில் மூடிவிடும் கடையாக இருக்கக் கூடாது. காலையில் கிளம்பும்போது எல்லோரும் சேர்ந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வோம். யார் என்ன சட்டை போட்டிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். காணவில்லை என்று யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், பதற்றத்தில் சட்டை நிறம் நினைவுக்கு வரவே வராது.

போனை நம்பி, போனை நம்பாமல்

இந்தத் தலைமுறைக்கு அம்மாவின் போன் எண் மனப்பாடமாகத் தெரியாது. சந்தேகம் இருந்தால் இப்போதே கேட்டுப்பாருங்கள். பயணத்துக்கு முன் ஒரு எண்ணையாவது நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து ஒப்பிக்க வைத்துவிடுவேன். அதோடு தங்குமிடத்தின் பெயரும் முகவரியும் உள்ளூர் எழுத்தில் அச்சிட்ட அட்டையை ரிசப்ஷனில் வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துவிட வேண்டும். டாக்ஸிக்காரரிடம் நீட்ட அதைவிட நல்லது எதுவும் இல்லை. கொஞ்சம் பணத்தை மடித்துப் போன் உறைக்குள் வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் வைக்க விடமாட்டேன். போன் போனால் பணமும் சேர்ந்து போகும். பணம் வேறு பையில்.

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை, அதாவது நாம் இருக்கும் இடத்தை உடனுக்குடன் காட்டும் வசதியை, 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். நாங்கள் காலையில் 8 மணி நேரத்துக்குப் போட்டுவிடுவோம். என்னுடையதும் அவர்களுக்குத் தெரியும். இது ஒருவழியாக இருந்தால் அவர்களுக்கு வேவு பார்க்கிற மாதிரிதான் இருக்கும். இருவழியாக வைத்தால் முணுமுணுப்பு குறைகிறது. பேட்டரி வேகமாகக் கரையும் என்பதால் பவர் பேங்க் கட்டாயம். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

லண்டன் போன்ற ஊர்களில் மின்சார சைக்கிளிலும் மொபெட்டிலும் வந்து கையிலிருக்கும் போனைப் பறித்துக்கொண்டு போவது சகஜம். நடைபாதையின் ஓரத்தில், வண்டி போகிற பக்கம் நின்று போனை நீட்டிப் பிடித்திருப்பவர்கள்தான் அவர்கள் குறி. வழி பார்க்க வேண்டுமென்றால் சுவர்ப் பக்கம் ஒதுங்கி, நின்று, பார்த்து, பைக்குள் போட்டுவிட்டு நடக்க வேண்டும். ரயிலில் கதவோரத்தில் நின்று படம் பார்ப்பதும் வேண்டாம், கதவு மூடுகிற நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். யாராவது பறித்தால் துரத்தக் கூடாது என்று பையன்களிடம் குறிப்பாகச் சொல்லுங்கள், வீரம் காட்டத் துடிக்கிற வயசு. *#06# என்று அழுத்தினால் போனின் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும். அதை வீட்டிலேயே எழுதிவைத்துவிட்டால் புகார் கொடுக்க உதவும்.

அவசர எண்ணைப் போகும் நாட்டுக்கு ஏற்பத் தெரிந்துவைக்க வேண்டும். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 112. அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. பிரிட்டனில் 999, அங்கே 112ம் வேலை செய்யும். ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. சிங்கப்பூரில் போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. பூட்டிய போனிலிருந்தும் இந்த அழைப்பைச் செய்யலாம் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

தானாக வருகிறவர்கள்

நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தானே வளர்க்கிறோம். அந்த மரியாதைதான் வெளியூரில் பிள்ளைகளை மாட்டிவிடுகிறது. பாரிஸில் சாக்ரே-கர் தேவாலயப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், சிரித்துப் பேசிக்கொண்டே விரலில் நூலைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். இன்னும் சில இடங்களில் மனு என்று சொல்லிக் கையெழுத்துக்கு அட்டையை முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அட்டைக்குக் கீழே இன்னொரு கை உங்கள் பையைத் துழாவும். புது தில்லி ரயில் நிலையத்துக்கு வெளியே, 'உங்கள் ரயில் ரத்து, டிக்கெட் அலுவலகம் வேறு இடத்துக்கு மாறிவிட்டது, வாங்க கூட்டிப்போகிறேன்' என்பது வெகுகாலமாக நடக்கிற ஏமாற்று. அதனால் தெளிவாகவே அனுமதி கொடுத்துவிடுங்கள்: பதில் சொல்லாமல், நிற்காமல், கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்துபோவது மரியாதைக்குறைவு இல்லை.

உதவி வேண்டுமென்றால் யாரிடமும் பேசக் கூடாது என்று அர்த்தமில்லை. நாமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்கிற ஆள் பெரும்பாலும் நல்ல ஆளாகத்தான் இருப்பார். டிக்கெட் கவுன்ட்டர், சீருடை போட்ட நிலைய ஊழியர், குழந்தையோடு போகிற அம்மா என்று வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். தேடிக்கொண்டு வந்து உதவுகிறவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

டாக்ஸி ஆப்பில் வண்டி வந்தால் எண் பலகையை ஒத்துப்பார்த்து, 'யாருக்காக வந்திருக்கீங்க?' என்று ஓட்டுநரைக் கேட்க வேண்டும். நம் பெயரை நாமே எடுத்துக்கொடுத்தால் யாரும் ஆமாம் என்று சொல்லிவிடலாம்.

சாலையைக் கடப்பது அற்பமாகத் தெரியும், ஆனால் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இடப்பக்கம் வண்டி ஓடும் நாட்டில் வளர்ந்தவர்கள் தன்னிச்சையாக வலப்பக்கம்தான் முதலில் பார்ப்பார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். அதனால் இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி முதல் பக்கமும் பார்ப்பது. சைக்கிளும் டிராமும் சத்தமே இல்லாமல் வரும். தெருவில் இருக்கும்வரை காதில் ஹெட்போன் கிடையாது. இதில் பேரம் பேச இடம் கொடுப்பதில்லை.

தில்லி மெட்ரோவில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. மகளும் நானும் அதில் ஏறினால் பையன்கள் இருவரும் தனியாகப் போக வேண்டும். எந்தப் பெட்டி என்பதைப் பிளாட்பாரத்துக்கு வரும் முன்பே பேசிவிடுவது நல்லது.

தனியாக விடுவது

எவ்வளவு சொன்னாலும் ஒரு நாள் கேட்பார்கள்: 'நாங்க மட்டும் போய்ட்டு வரட்டுமா?' முதல் நாளே சரி என்று சொல்ல மாட்டேன், ஒரேயடியாக முடியாது என்றும் சொல்ல மாட்டேன். முதலில் ஒரே வாசல் உள்ள அருங்காட்சியகத்துக்குள் அவர்கள் பாட்டுக்குச் சுற்றட்டும். அது ஒழுங்காக நடந்தால் அடுத்து நாங்கள் ஏற்கெனவே சேர்ந்து நடந்த தெருவில், பகல் வெளிச்சத்தில், குறைந்தது இரண்டு பேராக. ரயில் ஏறிப் போவது அதற்கும் அப்புறம். என் மகளுக்கும் எனக்கும் ஒரு ரகசிய ஏற்பாடு: அவள் வெறும் முற்றுப்புள்ளி ஒன்றை அனுப்பினால், நான் உடனே போன் செய்து, 'எங்கே இருக்கே, இப்பவே கிளம்பி வா' என்று அதட்ட வேண்டும். பிடிக்காத இடத்திலிருந்து நழுவ அம்மா மேல் பழி போட்டால் போதும், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஏன் புள்ளி அனுப்பினாய் என்று நான் அப்புறம் நோண்டுவதும் இல்லை. நோண்டினால் அடுத்த முறை அனுப்ப மாட்டாள்.

அக்கா மகன் மாதிரி நம் பிள்ளை அல்லாத சிறுவர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனால், அவர்களின் அப்பா அம்மா கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் எல்லையில் கேட்கலாம்.

நேரத்துக்கு வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுவோம். தாமதமாகும் என்று தெரிந்தவுடன் அவர்கள் சொல்ல வேண்டும்; சொல்லிவிட்டால் திட்டு இல்லை. சொன்ன நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆனால் நான் அழைப்பேன். எடுக்கவில்லை என்றால் லொகேஷனைப் பார்ப்பேன், ஆனால் பேசிவைத்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். சார்ஜ் தீர்ந்த போனோடு அவர்கள் முதலில் வந்து சேரப்போவது அங்கேதான்.