பாடசாலை அணியிலிருந்து தொழில்முறை ஒப்பந்தம் வரை: உதைபந்து வீராங்கனைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பரீட்சையோடு பாடசாலை அணியும் முடிந்துவிடும். பெறுபேறு வரட்டும் என்று மாதக்கணக்கில் வீட்டில் இருப்பதுதான் கொழும்புப் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு. உடம்பு தளர்வது ஒரு பக்கம். அந்த மாதங்களில் ஆடியதாகக் காட்ட ஒரு போட்டிகூட இருக்காது. கடைசிப் பாடசாலைப் போட்டிக்கு முன்பே கழகம் ஒன்றில் பேசிப் பதிவை முடித்துவிடுங்கள். தேசிய அணியை மட்டும் நம்பியிருப்பதும் சரிவராது. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை உலக உதைபந்துச் சம்மேளனமான பிஃபா இலங்கையை இடைநிறுத்தி வைத்திருந்தபோது அந்தக் கதவே மூடிக்கிடந்தது.

பதியும்போது பெயரில் கவனம். பாடசாலைச் சான்றிதழில் ‘க. தர்ஷினி’, கடவுச்சீட்டில் ‘கந்தசாமி தர்ஷினி’, இலங்கை உதைபந்துச் சம்மேளனப் பதிவில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். நம் வீடுகளில் இது வழமை. வெளிநாட்டுக் கழகம் ஒன்று உங்களை எடுத்தால், அந்த நாட்டுச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்திடம் சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் கேட்கும். அது இணையவழியில் நடப்பது, நீங்கள் கையில் கொண்டுபோகும் கடிதமல்ல. பெயரோ பிறந்த திகதியோ பொருந்தாவிட்டால் அதைத் திருத்துவதற்குள் கழகங்கள் புது வீராங்கனைகளைப் பதியும் இடமாற்றக் காலம் முடிந்துவிடும். கடவுச்சீட்டை முதலில் எடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பதியுங்கள்.

அடுத்தது முழங்கால். அதற்குள் இருக்கும் ஏசிஎல் நார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே கிழியும்: ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது, எம்பிப் பந்தை முட்டிவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது. கண்ணாடி முன் ஒரு காலில் நின்று மெதுவாகக் குந்திப் பாருங்கள். முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்ந்தால், உங்களுக்கு இடுப்புப் பலம் போதாமல் இருக்கலாம்.

மைதானத்தை இரண்டு சுற்று ஓடிக் குனிந்து கால்விரலைத் தொட்டால் வார்ம்-அப் ஆகிவிடாது. பிஃபா 11+ என்ற முறை 20 நிமிடம் எடுக்கும், 15 பயிற்சிகள்: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் பலம், பாய்ச்சல், சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது வேண்டும். களைப்பாக இருக்கிறது என்று பலர் தாண்டிப்போவது நடுவில் உள்ள பத்து நிமிடத்தை. முழங்காலைக் காப்பதே அதுதான். அதில் ஒன்று: முழங்காலிட்டு நிற்க, தோழி பின்னாலிருந்து கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடலை வளைக்காமல் முன்னால் மெல்லச் சரிய வேண்டும். தொடக்கத்தில் 3 முதல் 5 தடவை போதும். முதல் நாளே 15 செய்தால் மறுநாள் பஸ் படிகூட ஏற முடியாது.

நார் கிழிந்து சத்திரசிகிச்சை நடந்தால், 9 மாதத்துக்கு முன் போட்டிக்குத் திரும்ப வேண்டாம். வலி நின்றுவிட்டது என்பது கால் தேறியதற்கு அடையாளமல்ல.

சாப்பாட்டில் ஒரே ஒரு விடயம்: சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடிப்பது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள், கீரைக்குத் தேசிக்காய் பிழியுங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் ‘பயிற்சி கூடிப்போச்சு’ என்று விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அமெரிக்காவில் படித்துக்கொண்டே ‘கொலிஜ்’ அணியில் ஆட நினைக்கிறீர்களா? அங்கே ‘கொலிஜ்’ என்றால் பல்கலைக்கழகம், நம் ஊர்க் கல்லூரி அல்ல. அங்கே ஆட பரீட்சைப் பெறுபேறுகளும் வேண்டும். அதற்கு முன் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அந்த வாய்ப்பு கைநழுவலாம். பல்கலைக்கழக வீராங்கனைகளை அங்குள்ள மகளிர் லீக் வரிசைப்படி தெரிவுசெய்யும் ‘டிராஃப்ட்’ முறையும் 2024-இல் கைவிடப்பட்டது. இப்போது கழகத்தோடு நேரே பேச வேண்டும். பழைய யூடியூப் வழிகாட்டிகளை நம்பாதீர்கள்.

வட்ஸ்அப்பில் கழகச் சின்னத்தோடு ஒரு கடிதம் வரும். ‘ட்ரயலுக்குத் தெரிவாகிவிட்டீர்கள், விசாச் செலவுக்கு இவ்வளவு அனுப்புங்கள்’ என்றிருக்கும். அனுப்பியவரின் மின்னஞ்சல் ஜிமெயிலாக இருக்கும். காசு கட்டாதீர்கள். முகவருக்கு பிஃபா உரிமம் இருக்கிறதா என்று பிஃபாவின் இணையப் பட்டியலில் தேடுங்கள். கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரை வெளிநாட்டுக் கழகத்துக்கு மாற்றுவதை, சில விதிவிலக்குகள் தவிர, பிஃபா தடுத்திருக்கிறது. ‘வயதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

‘உங்களை வளர்த்ததற்கு இழப்பீடு தரவேண்டும்’ என்று பழைய கழகம் மறித்தால் பயப்பட வேண்டாம். பிஃபாவின் பயிற்சி இழப்பீட்டு விதி மகளிர் உதைபந்துக்குப் பொருந்தாது. நடப்பு ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் மட்டும் வேறு கதை.

ஒப்பந்தத்தை வாசிக்கும்போது சம்பளத் தொகையில் கண் நின்றுவிடும். அதற்குக் கீழே பாருங்கள். ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே செல்லும்’ என்ற நிபந்தனையை பிஃபா விதி ஏற்பதில்லை. பரிசோதனை கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். ‘தங்குமிடம் வழங்கப்படும்’ என்றால் போட்டி இல்லாத மாதங்களிலுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காயத்துக்கு யார் செலவு, திரும்பும் விமானச்சீட்டு யாருடையது என்பதையும் சேருங்கள். மகப்பேற்று விடுப்பு குறைந்தது 14 வாரம், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு. அது பிஃபா விதி, கழகத்தின் தயவல்ல.

இரண்டு மாதச் சம்பளம் வராமல் போனால் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து இறங்குவது பெரிய தவறு. ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள் என்று ஆகிவிடும். முதலில் எழுத்தில் அறிவித்து, முழுத் தொகையையும் கட்ட 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு விலகலாம். அறிவித்தலை மின்னஞ்சலில் அனுப்புங்கள், திகதி அதில் பதிவாகிவிடும். முகாமையாளரிடம் போனில் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.