மாஸ்க் கோடுகளைக் கொண்டு படத்தின் வடிவத்தை மாற்றும் முறை

படத்தில் உள்ள ஒரு முகத்தின் உதட்டோரங்களைச் சற்றே உயர்த்தி, அதை மெல்லிய புன்னகையாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டங்களாக வலை விரித்து இழுக்கும் மெஷ் வார்ப்பைவிட, நாம் வரையும் கோட்டையே பிடியாகக் கொள்ளும் கருவிகள்தாம் இதற்கு ஏற்றவை; ஏனெனில் வலையின் புள்ளிகள் உதட்டின் விளிம்பில் சரியாக வந்து அமைவது அரிது. நியூக் என்ற காட்சி இணைப்பு மென்பொருளில் ஸ்ப்லைன்வார்ப் என்ற கருவி இதைச் செய்கிறது. அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் ரீஷேப் என்ற எஃபெக்ட் இருக்கிறது; அதன் வழியை இங்கே பார்ப்போம்.

ரீஷேப்புக்கு ஒரே லேயரில் (படம் இருக்கும் அடுக்கில்) மூன்று மாஸ்க்குகள், அதாவது படத்தின்மேல் நாம் வரையும் கோட்டு வடிவங்கள், தேவை. முதலில் உதட்டின் விளிம்பைச் சுற்றி மூல மாஸ்க்கை இயன்றவரை குறைந்த புள்ளிகளில் வரைந்து, அதை அப்படியே நகலெடுத்து, நகலில் உதட்டோரப் புள்ளிகளை மட்டும் மேலே நகர்த்தினால் இலக்கு மாஸ்க் கிடைத்துவிடும். புதிதாக இன்னொன்றை வரைவதைவிட இதுவே மேல். இரண்டின் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கும். மூன்றாவது, எல்லை மாஸ்க். அதற்கு வெளியே உள்ள எதுவும் அசையாது. மூன்றின் மாஸ்க் மோடையும் ‘நன்’ என்று மாற்றிவிட வேண்டும். இல்லையெனில் அவை படத்தையே வெட்டிவிடும்.

எல்லை மாஸ்க்கைத்தான் பலர் அவசரமாக வரைந்துவிடுகிறார்கள். அது உதட்டை ஒட்டி அமைந்தால், இடையில் உள்ள கொஞ்சத் தோல் முழு இழுப்பையும் தாங்க வேண்டியதாகி, மயிர்த்துளைகள் கீறல்களைப் போல நீண்டு தெரியும். மிகவும் தள்ளி அமைந்தால் மூக்கின் நுனியும் சேர்ந்து நகரும். ஆகவே மூக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே தொடங்கி, கன்னங்களில் தாராளமாக விரிந்து, தாடையில் முடியும்படி வரைவது நல்லது. மூல, இலக்குக் கோடுகள் இரண்டும் இந்த எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அடுத்தது இணைப்புப் புள்ளிகள். மூலக் கோட்டின் எந்த இடம் இலக்குக் கோட்டின் எந்த இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை இவையே தீர்மானிக்கின்றன. எஃபெக்டைத் தேர்ந்தெடுத்த நிலையில் ஆல்ட் விசையை அழுத்தியபடி கோட்டின்மேல் கிளிக் செய்தால் புதிய புள்ளி தோன்றும். இரு உதட்டோரங்களிலும், மேலுதட்டின் நடுப்பள்ளத்திலும், கீழுதட்டின் நடுவிலும் ஒவ்வொன்றை வைத்தால் உதட்டின் நிறம் கோட்டின் வழியே வழுக்கிக் கன்னத்துக்குள் புகுவது நின்றுவிடும். படம் கோணலாக முறுக்கிக்கொண்டால், வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்தப் புள்ளிகளையே சரிபார்க்க வேண்டும்.

படம் கோட்டின் வளைவை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்ற வேண்டும் என்பதைக் குறிக்கும் எலாஸ்டிசிட்டியை ‘ஸ்டிஃப்’ (விறைப்பு) நிலையிலிருந்து தொடங்கி, படம் வளைவோடு ஒட்டாதபோது மட்டும் படிப்படியாக உயர்த்துவது நல்லது. உயர்த்த உயர்த்த, படத்தைக் கணினி கணித்து உருவாக்கும் ரெண்டர் நேரமும் கூடும். பிறகு, வடிவம் எவ்வளவு மாற வேண்டும் என்பதைக் குறிக்கும் பர்சென்ட் மதிப்புக்குக் கீஃப்ரேம் (குறிப்பிட்ட நேரத்தில் மதிப்பைப் பதியும் குறி) இட்டால் புன்னகை மெல்ல மலரும்.

முகம் அசையும் ஷாட்டாக இருந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் மாஸ்க்கை நகர்த்திக்கொண்டிருப்பதைவிட, முகத்தின் அசைவைப் பின்தொடர்ந்து பதிவுசெய்து (டிராக் செய்து) நிலைநிறுத்தி, அந்த நிலையில் வார்ப்பை முடித்து, பின்னர் அசைவைத் திரும்பச் சேர்ப்பது பாதுகாப்பானது. கேமராவின் கிரெயினும் (படத்தில் தெரியும் நுண்புள்ளிகளும்) தோலோடு சேர்ந்து இழுபடும் என்பதால், அதை முன்கூட்டியே நீக்கிவிட்டு இறுதியில் மீண்டும் சேர்க்க வேண்டும்.