புது ஊரில் வசதியான புறநகரைத் தேடும்போது குடும்பங்கள் செய்யும் தவறுகள்

வேலை மாற்றம் உறுதியானதும், புது ஊரைப் பற்றி முதலில் காதில் விழுவது ஏதாவது ஒரு பகுதியின் பெயராகத்தான் இருக்கும். "அந்த ஊருக்கா போகிறீர்கள்? இந்த இடத்தில் வீடு பாருங்கள். பெரிய ஆட்கள் இருக்கிற இடம், பிள்ளைகளுக்கு நல்லது" என்று யாராவது சொல்வார்கள். சொல்பவர் அங்கே குடியிருந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பெயர் மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் பார்க்கும் வீடுகள் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கும். இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் முன்பணம் கொடுத்துவிடுவோம்.

நான் குடும்பத்தோடு மூன்று முறை ஊர் மாறியிருக்கிறேன். இரண்டாவது முறை செய்த தவறு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அலுவலகத்துக்கு எது பக்கம், எந்தப் பகுதிக்கு மதிப்பு அதிகம் என்று மட்டும் பார்த்தேன். வார நாட்களில் நான் அந்த வீட்டில் விழித்திருந்த நேரம் நான்கு மணிகூட இருக்காது. நாள் முழுக்க அங்கே இருந்தவர்கள் என் மனைவியும் அம்மாவும். அம்மாவுக்கு வாசலைத் தாண்டி நடக்க நடைபாதை இல்லை. மனைவிக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. அழகான தெரு, பெரிய மரங்கள், ஆள் நடமாட்டமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது.

அதனால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் ஒரே கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது யார்?

விலையைத் தரம் என்று எடுத்துக்கொள்வது

ஒரு பகுதியில் வீடு விலை அதிகம் என்றால் அந்த விலைக்குள் பல விஷயங்கள் கலந்திருக்கின்றன. மனையின் அளவு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி, பழைய பெயர், நகர மையத்துக்கு உள்ள தூரம், பள்ளி எல்லை (எந்த முகவரியில் இருக்கிற பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேரலாம் என்று பிரிக்கிற கோடு). இவற்றில் உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தத்துக்கும் பணம் கொடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது.

பள்ளியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பள்ளி எல்லைக் கோட்டின் இரு பக்கங்களிலும் அருகருகே இருந்த வீடுகளைப் பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் ஒப்பிட்டுப் பார்த்தார். தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக இருந்தால், பெற்றோர் வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று 1999-இல் வெளிவந்த அந்த ஆய்வு காட்டியது. அதாவது பள்ளிக்கான பணத்தை வீட்டின் விலையிலேயே கட்டிவிடுகிறோம். உங்கள் பிள்ளை தனியார் பள்ளிக்குப் போகப் போகிறாள், அல்லது பள்ளிப் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது என்றால், அந்தப் பணம் எதற்கு? விற்கும்போது திரும்பக் கிடைக்கும் என்று சொல்வார்கள். கிடைக்கலாம். ஆனால் பள்ளி எல்லைகளை மாற்றி வரைவதும் உண்டு.

கை எட்டும் கடைசி உயரம்வரை போவது

வங்கி எவ்வளவு கடன் தரும் என்பதை வைத்து வீடு தேடுகிறவர்கள் நிறையப் பேர். பணக்காரப் பகுதியில் இருக்கிற சின்ன வீடாவது வாங்கிவிடலாம் என்று தோன்றும். தவணையைக் கட்டிவிடலாம்தான். கையைக் கடிப்பது தவணைக்குப் பிறகு வருகிற செலவுகள். சொத்து வரி, குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம், இரண்டாவது கார், பெரிய வீட்டைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ ஆகும் மின்சாரம். சங்கம் உள்ள இடமானால் கடந்த சில வருடக் கணக்குகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சேம நிதியில் பணம் இல்லாமல், கூரையும் மின்தூக்கியும் குழாய்களும் பழசாகிக் கிடக்கின்றன என்றால், நீங்கள் குடிபோன பிறகு எல்லோர் தலையிலும் ஒரு பெரிய தொகை விழும்.

கணக்கில் எழுத முடியாத செலவும் உண்டு. வகுப்பில் எல்லோரும் போகிற பயிற்சி வகுப்பு, பிறந்தநாள் விருந்து, விடுமுறைப் பயணம். பிள்ளை கேட்கும், நமக்கு மறுக்க மனம் வராது. எர்சோ லட்மர் என்ற பொருளியலாளர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அமெரிக்கக் குடும்பங்களின் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, சொந்த வருமானம் ஒரே அளவாக இருந்தாலும், சுற்றியிருப்பவர்கள் அதிகம் சம்பாதிக்கும் இடங்களில் வாழ்கிறவர்கள் மகிழ்ச்சி குறைவு என்று சொல்லியிருந்தார்கள். அக்கம்பக்கத்தாரோடு அதிகம் பழகுகிறவர்களிடம் இது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. புது ஊரில் குடும்பத்துக்கு முதல் தேவையே பழக்கம்தான். பழகப் பழக மனம் சிறுத்துப்போகிற இடத்தில் போய் உட்கார வேண்டுமா என்று யோசியுங்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். நான் பார்த்தவரை, ஒரு குடும்பம் தன் வருமானம் அக்கம்பக்கத்தாரோடு ஒப்பிட்டால் நடுவில் இருக்கிற பகுதியில்தான் நிம்மதியாக மூச்சு விடுகிறது.

விடுமுறை நாளில் போய்ப் பார்ப்பது

விடுமுறை நாளில் எந்தப் புறநகரும் அழகாகத்தான் இருக்கும். சாலை காலியாக இருக்கும், அலுவலகம் இருக்கிற இடத்துக்கு இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடலாம், தரகரும் நல்ல வெளிச்சம் இருக்கிற நேரமாகப் பார்த்து அழைத்துப்போவார். வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு அதே வாசலில் இருந்து கிளம்பிப் பாருங்கள். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு மட்டும் போனால் போதாது. முதலில் பள்ளி, அப்புறம் குழந்தைகள் காப்பகம், அதன் பிறகு அலுவலகம் என்று உண்மையில் போகப்போகிற வழியிலேயே போக வேண்டும். ரயில் என்றால் நிலையத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாலையில் திரும்பியும் வாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பயண நேரத்தை எல்லோரும் குறைத்து எடை போடுகிறோம். அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரே என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல வருடங்கள் திரட்டிய குடும்பத் தரவுகளை ஆராய்ந்தார்கள். தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் கஷ்டத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும் என்பது பொருளியல் எதிர்பார்ப்பு. ஆனால் பயணம் நீள நீள, வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே மக்கள் சொல்லியிருந்தார்கள். 2008-இல் வந்த அந்த ஆய்வு இதைப் 'பயண முரண்' என்று அழைத்தது. கூடுதல் படுக்கையறை முதல் மாதத்தில் பெரிய சந்தோஷம், ஆறாவது மாதத்தில் அது வெறும் அறை. சாலை நெரிசல் அப்படிப் பழகிப்போவதில்லை.

சத்தத்தையும் ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். காற்றின் திசை மாறினால் அவை பறக்கும் வழியும் மாறும். நீங்கள் போன நாளில் அமைதியாக இருந்த தெருவுக்கு மேலேயே வேறொரு பருவத்தில் வரிசையாக விமானங்கள் போகலாம். அங்கே குடியிருப்பவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பள்ளியின் பெயரோடு நின்றுவிடுவது

குடும்பங்கள் வசதியான புறநகருக்குப் போவதற்கு முதல் காரணம் பள்ளிதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பள்ளியின் சராசரி மதிப்பெண் அதிகம் என்றால், அதில் ஆசிரியர்களின் பங்கு எவ்வளவு, வீட்டில் தனிப்பயிற்சிக்குச் செலவழிக்க முடிந்த பெற்றோரின் பங்கு எவ்வளவு என்று அந்த ஒரு எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. உள்ளே வரும்போது பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்கள், வெளியே போகும்போது எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாடத்தில் பின்தங்குகிற பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் விரிவாகப் பதில் சொல்கிற பள்ளி எனக்குப் பிடிக்கும்.

எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருக்கிற வகுப்பில் சேர்ந்தால் நம் பிள்ளையும் உயர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களிலிருந்து இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டிவந்திருக்கிறார். ஒரே திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், மிகவும் கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருக்கிற பிள்ளைக்குத் தன் படிப்பைப் பற்றிய நம்பிக்கை குறைவாக இருக்கிறது. சின்னக் குளத்தில் பெரிய மீனாக இருந்தது, பெரிய குளத்தில் தன்னைச் சின்ன மீனாகப் பார்க்கிறது. உளவியலாளர் சுனியா லூதர் 1999-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் வசதியான புறநகர் மாணவர்களை நகரின் ஏழைப் பகுதி மாணவர்களோடு ஒப்பிட்டார். பதற்றமும் போதைப்பொருள் பழக்கமும் புறநகர்ப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்ததைக் கண்டார். சாதித்தே ஆக வேண்டும் என்ற அழுத்தத்தையும், பெற்றோரோடு நெருக்கம் குறைவதையும் காரணங்களாக அவருடைய ஆய்வுகள் சுட்டின. இதைப் படித்துப் பயந்து ஓட வேண்டாம். உங்கள் பிள்ளையின் சுபாவம் எப்படி என்று பார்த்து, அதற்கேற்ற பள்ளியைத் தேடுங்கள்.

பிள்ளையின் வயதும் முக்கியம். வறுமை மிகுந்த பகுதிகளிலிருந்து வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடும்பங்களை மாற உதவிய ஓர் அமெரிக்க அரசுத் திட்டம் 1990களில் நடந்தது. ராஜ் செட்டி, நத்தானியேல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் 2016-இல் அதன் விளைவுகளை வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் மாறிய பிள்ளைகள், மாறாதவர்களைவிட இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13 வயதைத் தாண்டி மாறியவர்களுக்கு நன்மை தெரியவில்லை, சிறிது பாதகமாகக்கூட இருந்தது. நண்பர்களையும் பள்ளியையும் இழப்பது காரணமாக இருக்கலாம் என்றார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஏழைக் குடும்பங்களை, நம் நிலை வேறு. என்றாலும் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பிடுங்கி நடும்போது, பள்ளியின் பெயரைவிட அங்கே அவனுக்குத் தோழமை கிடைக்குமா என்பது பெரிய கேள்வி.

நடைமுறையில் ஒன்று. வீட்டின் கதவு எண்ணைக் கொடுத்து, இது எந்தப் பள்ளிக்குள் வரும், இந்த வருடம் இடம் இருக்கிறதா என்று கல்வி அலுவலகத்திடமோ பள்ளியிடமோ எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரே தெருவின் இரண்டு பக்கங்கள் இரண்டு பள்ளிகளுக்குப் போவதுண்டு. தரகர் வாயால் சொன்னது போதாது.

காரில் போகாதவர்களை மறந்துவிடுவது

கார் ஓட்டாத எல்லோருக்கும் ஊர் என்பது காலால் எட்டுகிற தூரம்தான். ஒரு நூலகம், ஒரு மருந்துக்கடை, உட்கார ஒரு பூங்கா, மளிகை வாங்க ஒரு கடை, இவை நடந்து போகிற தூரத்தில் உண்டா? பத்து வயதுப் பிள்ளை தனியாக நண்பன் வீட்டுக்குப் போக முடியுமா? பாதுகாப்பு என்றதும் சுற்றுச்சுவரையும் காவலாளியையும் நினைக்கிறோம். பிள்ளைக்குத் தினசரி ஆபத்து, அகலமான நேர்ச் சாலையில் கார்கள் பறக்கிற வேகமாக இருக்கலாம்.

மூன்றாவது முறை வீடு பார்க்கப் போனபோது அம்மாவையும் கூட்டிப்போனேன். நான் முதலிடம் கொடுத்திருந்த வீட்டை அவர் உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை. தெருவில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து, "வழியில் ஒரு மனுஷரைக்கூடப் பார்க்கலையேப்பா" என்றார். அந்த வீட்டை விட்டுவிட்டோம். கடைசியில் எடுத்தது ஓர் அறை குறைவான வீடு, அவ்வளவாகப் பெயர் தெரியாத பகுதி. அம்மா ஒரு மாதத்தில் தெருவில் பாதிப் பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

காட்சியைப் பார்த்து நிலத்தை மறப்பது

வசதியானவர்கள் குடியேறுவது பெரும்பாலும் ஆற்றங்கரை, கடற்கரை, மலைச்சரிவு, காட்டின் ஓரம். அந்த அழகைத் தருகிற நிலமே வெள்ளத்தையும் மண்சரிவையும் காட்டுத்தீயையும் தருகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த முகவரிக்குக் காப்பீடு எவ்வளவு ஆகும் என்று இரண்டு காப்பீட்டு நிறுவனங்களிடம் கேளுங்கள். தொகை மிக அதிகமாக வந்தாலோ, தர முடியாது என்றாலோ, காரணத்தைத் தேடிப் பிடியுங்கள். எதிரே இருக்கிற காலி மனையில் என்ன வரப்போகிறது என்பதை நகரத் திட்ட வரைபடத்தில் பாருங்கள். இரவில் அவசர சிகிச்சை உள்ள மருத்துவமனை எத்தனை நிமிடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் வாங்கிவிடுவது

முடிந்தால் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். வாங்கிவிட்டு மனம் மாறினால் தரகு, பதிவுச் செலவு, வரி என்று இரண்டு முறை பணம் போகும். புது வேலையே நிலைக்குமா என்று தெரியாத நேரம் அது. நிறுவனம் இடமாற்றச் செலவைத் தருகிறது என்றால், வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறும் இரண்டாவது செலவையும் தருமா என்று வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். வாடகை ஒப்பந்தத்தில், முன்கூட்டியே காலி செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையைச் சேர்க்க விரும்புகிற பள்ளியின் எல்லைக்குள்ளேயே அந்த வாடகை வீடு இருந்தால், ஒரு வருடம் கழித்து அவளை மறுபடியும் பள்ளி மாற்ற வேண்டியிருக்காது.