ஃபூஷியா போட்டிக்குப் புதியவர்கள் ஏன் வருவதில்லை? அமைப்பாளர்கள் செய்யும் தவறுகள்

வீட்டில் நாலு தொட்டி வைத்து ஃபூஷியா என்ற பூச்செடியை அருமையாக வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மலர்க் கண்காட்சிக்குச் செடியைக் கொண்டு வாருங்கள் என்றால் தயங்குவார்கள். கூச்சம்தான் காரணம் என்று அமைப்பாளர்கள் சொல்லிக்கொள்ளலாம். கூச்சமும் உண்டுதான். ஆனால் போட்டி விதிகளும் அவற்றைச் சொல்லும் விதமுமே அவர்களை அதிகம் விரட்டுகின்றன என்பது என் எண்ணம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, போட்டி அறிவிப்பைக் கடைசி மாதத்தில் வெளியிடுவது. வேறு செடிகளுக்கு இது சின்ன அசௌகரியம், ஃபூஷியாவுக்கு அப்படியில்லை. நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். அவை இரண்டு மூன்று ஜோடி இலை விட்டதும் மறுபடி கிள்ள வேண்டும். செடி புதர்போல் அடர்வது இப்படித்தான். எப்போது பூக்கும் என்பதையும் கடைசிக் கிள்ளல்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு ஒற்றைப்பூ ரகங்கள் பூக்கச் சுமார் 8 முதல் 10 வாரம் ஆகும், அடுக்குப்பூ ரகங்களுக்கு 10 முதல் 12 வாரம். நீண்ட குழல்போன்ற பூக்கள் கொத்தாகத் தொங்கும் ட்ரைஃபில்லா வகை இன்னும் கொஞ்சம் காக்க வைக்கும். பழைய போட்டியாளர்களுக்குத் தேதி எப்படியும் காதுக்கு வந்துவிடும், அவர்கள் கணக்குப் போட்டுக் கிள்ளியிருப்பார்கள். புதியவர் அறிவிப்பைப் பார்க்கும்போது அவருடைய செடி பூத்து ஓய்ந்திருக்கும். மேசையில் வைத்துப் பார்த்தால் அவருக்கு வளர்க்கத் தெரியவில்லை என்றுதான் தோன்றும். உண்மையில் அவருக்குத் தெரியாமல் போனது தேதி மட்டுமே.

அதனால் தேதியையும் பிரிவுகளையும் ஆறு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கூடவே, 'அடுக்குப்பூ என்றால் இந்த வாரத்தோடு கிள்ளுவதை நிறுத்துங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாதி வேலை முடிந்தது. தொட்டி அளவும் இதே கதைதான். 5 அங்குலத் தொட்டிக்கு மேல் கூடாது என்ற விதியைக் கடைசி வாரத்தில் படிப்பவர், 7 அங்குலத் தொட்டியில் பரவிவிட்ட வேரை என்ன செய்வார்?

அடுத்தது இதழ்க் கணக்கு. 4 இதழ் என்றால் ஒற்றை, 5 முதல் 7 வரை அரை அடுக்கு, 8 அல்லது அதற்கு மேல் அடுக்கு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. அனுபவசாலிக்கு இது பார்த்ததுமே தெரியும். புதியவர் என்ன செய்கிறார்? மேலே நிறத்தோடு விரிந்து நிற்கும் 4 புல்லி இதழ்களையும் சேர்த்து எண்ணி, ஒற்றைப்பூச் செடியை அடுக்குப் பிரிவில் வைத்துவிடுகிறார். நடுவர் வந்து 'விதிக்குப் பொருந்தவில்லை' என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அந்த அட்டையைப் பார்த்தவர் அடுத்த ஆண்டு வருவாரா? நடுவர் வருவதற்கு முன்பே உதவியாளர் ஒருவர் மேசையைச் சுற்றி வந்து, தவறான இடத்தில் இருக்கும் செடியை உரியவரிடம் சொல்லி மாற்றி வைக்கலாம். விதித்தாளில் பூவின் படம் ஒன்றைப் போட்டு, எதை எண்ண வேண்டும் என்று அம்புக்குறி போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

ரகத்தின் பெயர் கட்டாயம் என்பதும் தேவையில்லாத கெடுபிடி. ஃபூஷியாவில் பெயரிட்ட ரகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பலவும் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்கும். பக்கத்து வீட்டில் வாங்கிய குச்சியை நட்டு வளர்த்தவருக்குப் பெயர் எப்படித் தெரியும்? 'பெயர் தெரியாது' என்று எழுதவும் இடம் கொடுங்கள். பழையவர்கள் அதைச் சுற்றி நின்று இதுவா அதுவா என்று வாதாடுவார்கள். கண்காட்சியில் அதைவிடச் சுவாரசியமான இடம் இருக்காது.

தொடக்கநிலைப் பிரிவு என்று ஒன்றை மட்டும் வைத்து, முழுச்செடிதான் வேண்டும் என்று கேட்பதும் சரியில்லை. தொங்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு பயணம் செய்தால் வழியிலேயே பாதிப் பூ உதிர்ந்துவிடும், வாகனம் இல்லாதவர் பாடு சொல்லவே வேண்டாம். பூக்களை மட்டும் பறித்து வந்து காட்டும் பிரிவு ஒன்று இருந்தால் ஒரு சின்ன டப்பா போதும்.

அப்புறம், போட்டி நாள் காலை. வாடிய பூ, காம்பில் தங்கிய காய், பழுத்த இலை, இதழில் ஒட்டிய மகரந்தம் எல்லாமே மதிப்பெண்ணைக் குறைக்கும். பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய விஷயங்கள்தான், யாராவது சொன்னால். ஒரு கத்தரிக்கோலும், மென்மையான தூரிகையும், பேசத் தயங்காத ஒரு ஆளும் நுழைவாயிலில் இருந்தால் நல்லது. செடிகளை வெயிலில் தகிக்கும் கூடாரத்தில் வைக்காதீர்கள். ஃபூஷியாவுக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும், சூட்டில் மொட்டுகள் கொட்டிவிடும்.

தோற்றவருக்கு வெறும் அட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகாமல், 'ஒரு பக்கம் மட்டும் பூத்திருக்கிறது, வளரும்போது தொட்டியைத் திருப்பி வையுங்கள்' என்கிற மாதிரி ஒரு வரியாவது எழுதச் சொல்லி நடுவரைக் கேளுங்கள். நேரமில்லை என்பார். தொடக்கநிலைப் பிரிவுக்கு மட்டுமாவது என்று வற்புறுத்தலாம்.

பூச்சிச் சோதனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நுனிக் கொழுந்தை வீங்கிச் சுருள வைக்கும் ஒரு வகைச் சிலந்திப்பேன் ஃபூஷியாவுக்குப் பெரிய எதிரி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வாசலில் சோதிப்பது அவசியம்தான். ஆனால் புதியவர் செடியை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பல ஆண்டு வெற்றியாளரின் செடியை வணக்கம் சொல்லி உள்ளே விடுவது தவறு, பேனுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. சந்தேகமிருந்தால் கொழுந்தைப் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பலாம் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். பரிசாக வேர்விட்ட குச்சிகள் கொடுப்பதாக இருந்தால் அவற்றையும் அதே கண்ணோடு பாருங்கள்.