சிகாகோவில் வாடகை வீடா? ஒரு சாவியோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள்

மகள் பிறந்த இரண்டாவது மாதம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். பால்பொடி கலக்கும் தண்ணீரை அடுப்பில் வைத்து நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்துத்தான் தருவார். “கொதிச்ச தண்ணில ஒரு கிருமி இருக்காது” என்பார். கிருமி இருக்காது, சரி. ஆனால் சிகாகோவின் பழைய குழாய்களிலிருந்து தண்ணீரில் கரையும் ஈயம் எங்கேயும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதே ஈயம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகப் பாத்திரத்திலேயே இருக்கும்.

இதைச் சொன்னதும் அம்மா கேட்ட கேள்வி: “ஈயச் சொம்புல ரசம் வெச்சு நாம சாப்பிடலையா?” நியாயமான கேள்விதான். ரசச் சொம்பு வெள்ளீயம். குழாயில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது. (மலிவான ஈயச் சொம்பில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பற்றி இன்னொரு நாள்.)

தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் சின்ன இணைப்புக் குழாய்தான் இங்கே வில்லன். இரண்டு அங்குல விட்டம் வரையுள்ள இணைப்புகளை ஈயத்தில்தான் போட வேண்டும் என்று சிகாகோ நகர விதியே சொன்னது. 1974இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தை 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் திருத்தி ஈயக் குழாயைத் தடை செய்யும் வரை இந்த விதி இருந்தது. அதனால் நகரத்தில் இன்று ஏறக்குறைய 4 லட்சம் ஈய இணைப்புகள். அமெரிக்காவில் வேறெந்த ஊரிலும் இத்தனை இல்லை. உங்களுடையது 1986க்கு முன் கட்டிய தனி வீடோ இரண்டு மாடி வீடோ என்றால் ஈயம் என்றே வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பெரிய அடுக்குமாடிகளுக்கு வரும் குழாய் தடிமனானது என்பதால் பெரும்பாலும் அது ஈயமாக இருக்காது.

சரி, எப்படிப் பார்ப்பது? பேஸ்மென்ட்டில் தரையையோ சுவரையோ துளைத்துக்கொண்டு முதல் வால்வுக்கு வந்து சேரும் குழாயைத் தேடுங்கள். வீட்டுச் சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். காந்தம் ஒட்டாமல், சுரண்டிய இடம் மெத்தென்று வெள்ளிபோல் பளபளத்தால் ஈயம். பழைய செப்புக்காசு நிறத்தில் தெரிந்தால் தாமிரம். காந்தம் ஒட்டினால் இரும்பு. எங்கள் வீட்டில் வெள்ளி மின்னியது. பேஸ்மென்ட் பூட்டியிருந்தால் நகர நிர்வாகத்தின் இணையப் பட்டியலில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குடிநீர் அமைப்பும் தன் இணைப்புகளின் பட்டியலை 2024 அக்டோபர் 16க்குள் தயாரித்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. உங்கள் வீட்டுக்கு நேராக ‘தெரியவில்லை’ என்று போட்டிருந்தால் அதையும் ஈயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர்ப் பரிசோதனை. நகர நிர்வாகத்தின் உதவி எண்ணான 311ஐ அழைத்துக் கேட்டால் மாதிரி எடுக்கும் பாட்டில்களை நகரம் இலவசமாக அனுப்பும். மாதிரி எடுக்கும் முன் குறைந்தது 6 மணி நேரம் வீட்டில் யாரும் தண்ணீரே திறக்கக்கூடாது, கழிவறை உட்பட. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாது போல. முதல் முறை நடுராத்திரி மூன்று மணிக்குப் பால் பாட்டில் கழுவி நானே எல்லாவற்றையும் கெடுத்தேன். இரண்டாவது முறை முந்தின இரவே இரண்டு குடங்களில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, சமையலறைக் குழாயில் ‘தொடாதே’ என்று சீட்டு ஒட்டினேன்.

முடிவு வந்தது: குழாயைத் திறந்ததும் பிடித்த தண்ணீரில் 4 பிபிபி, இரண்டு மூன்று நிமிடம் ஓடிய பிறகு 11, ஐந்து நிமிடம் கழித்து 3. பிபிபி என்பது நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கு. குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் குடிக்கும் பழக்கம் எங்களுக்கு இருந்தது. அந்த இரண்டு நிமிடத் தண்ணீர்தான் மோசம்! முதலில் வருவது வீட்டுக்குள் இருக்கும் குழாய்களின் தண்ணீர். ஈய இணைப்பில் இரவெல்லாம் ஊறியது அதற்குப் பின்னால்தான் வந்து சேரும். விதிகளுக்கும் இது தாமதமாகத்தான் உறைத்தது. 1991இல் வந்த மத்திய அரசின் ஈயம்–தாமிர விதி முதல் லிட்டரை மட்டுமே பார்த்தது. ஐந்தாவது லிட்டரையும் பார்க்க வேண்டும் என்பது 2021 திருத்தத்தில்தான் வந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். அந்த 1991 விதி சொன்ன 15 பிபிபி என்ற அளவைப் பலரும் ‘பாதுகாப்பான அளவு’ என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஊரில் எடுத்த மாதிரிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் 15ஐத் தாண்டினால் குடிநீர் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர் முழுவதும் பாஸ் ஆகி உங்கள் சமையலறை மட்டும் ஃபெயில் ஆகலாம். அதே விதி குடிநீரில் ஈயத்துக்கு வைத்த இலக்கு பூஜ்யம். 2024 அக்டோபரில் வந்த புதிய விதி 15ஐ 10 ஆக்கியது, ஈய இணைப்புகளைப் பத்தே ஆண்டில் மாற்றவும் சொன்னது. ஆனால் சிகாகோ போல் எக்கச்சக்கமாக வைத்திருக்கும் ஊர்களுக்குக் கூடுதல் காலம் உண்டு. 2022இல் அமலுக்கு வந்த இல்லினாய் மாநிலச் சட்டமோ இந்த ஊருக்கு 2027இலிருந்து 50 ஆண்டு தந்திருந்தது. அதற்குள் என் மகள் பாட்டியாகியிருப்பாள்.

எனவே சட்டம் வந்து சேரும் வரை சமையலறையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வடிகட்டி வாங்கும்போது பெட்டியில் ‘என்எஸ்எஃப் 53’ (NSF 53) என்ற தரச் சான்றும், அதன் கீழ் ஈயம் (lead) என்று தனியாகவும் இருக்கிறதா பாருங்கள். குளோரின் வாசனையை மட்டும் நீக்கும் கூஜாக்கள் உதவாது. ஆர்ஓ ஈயத்தை நீக்கும். உள்ளே வைக்கும் கார்ட்ரிட்ஜைத் தேதி தவறாமல் மாற்றுங்கள். சாதம், சாம்பார், காபி எதற்கும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கவே வேண்டாம், சூடான தண்ணீர் ஈயத்தை இன்னும் வேகமாகக் கரைக்கும். காலையில் குழாயை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அம்மாவுக்கு அது மனசே ஆகவில்லை, அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி அலச வைத்துக்கொண்டார். குழாய் நுனியில் இருக்கும் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், ஈயத் துகள் அதில்தான் சிக்கி நிற்கும். குழந்தை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். ஒரு டெசிலிட்டரில் 3.5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

தெருவில் குழி தோண்டினால் மட்டும் இரட்டிப்பு எச்சரிக்கை. நகரம் தண்ணீரில் பாஸ்பேட் கலக்கிறது, அது குழாயின் உட்புறம் ஒரு படலமாகப் படிந்து ஈயத்தைத் தடுக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவோமே, அந்த மாதிரி. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம் 2014இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது இப்படி அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. அங்கே குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குடிநீரில் கலந்தது உலகத்துக்கே தெரியும். தோண்டும் அதிர்வில் படலம் உதிரும். வேலைக்கு முன்னதாகவே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஈயக் குழாயில் பாதியை மட்டும் மாற்றுவதையும் அது தடை செய்கிறது.

முழுதாக மாற்ற மூன்று வழி. வீட்டில் தானே குடியிருக்கும், வருமானம் குறைந்த உரிமையாளருக்கு நகரம் இலவசமாக மாற்றித் தரும். இணைப்பு உடைந்தாலோ கசிந்தாலோ நகரமே மாற்றும். மற்றவர்கள் தாங்களே ஆள் வைத்து மாற்றினால் அனுமதிக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, ஆனால் செலவு பல ஆயிரம் டாலர்.

வாடகைக்கு இருப்பவருக்கு இந்த மூன்றும் வீட்டுக்காரர் மனது வைத்தால்தான். எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “குழாய் நல்லாத்தான் இருக்கு, மாத்தினாலும் நல்லதுதான்” என்றார். ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும். அப்புறம் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, பரிசோதனை முடிவு, சுரண்டிய குழாயின் படம், பட்டியலில் எங்கள் முகவரி இருக்கும் பக்கம் மூன்றையும் இணைத்துக் கடிதமாகவே கொடுத்தேன், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் கடிதத்துக்கு அவர் ஒரு வடிகட்டி வாங்கித் தந்தார். இரண்டாவது கடிதம் அடுத்த மாத வாடகைச் செக்கோடு போகிறது.