சொந்தமாக அடைத்த தோட்டாவும் ஒழுங்கான டிரிகரும்

மொன்டானா மேய்ச்சல் நிலத்தில் பிரெய்ரி நாய் (வளை தோண்டி வாழும் அணில் இனம்) தலை நீட்டினால் பாதி உள்ளங்கை அளவுதான் தெரியும். கடைத் தோட்டா போட்டால் என் .223 ரெமிங்டன் ரைஃபிளில் குண்டுகள் 100 கெஜத்திலேயே ஒன்றரை அங்குலம் சிதறும். அதனால் தோட்டாவை நானே அடைக்கிறேன்.

முதலில் கேஸ், அதாவது சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடு. ஒரே கம்பெனி, ஒரே துப்பாக்கியில் சுட்டவை மட்டும். தோள்பட்டையை (கூடு கழுத்துக்குக் குறுகும் சரிவை) 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்குத் தள்ளுவேன், நீளத்தை 1.750 அங்குலத்துக்கு வெட்டுவேன்.

வெடிமருந்துக்கு என் கணக்கு எடுபடாது, தோட்டா அடைக்கும் மேனுவல் சொல்வதுதான். அதிலுள்ள தொடக்க அளவிலிருந்து படிக்கு 0.3 கிரெயின் (மருந்தின் எடை அளவு) ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஐந்து தோட்டா அடைத்துச் சுடுவேன். போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது இறுகினாலோ, பிரைமர் (கேஸின் அடியில் தீப்பொறி தரும் மூடி) தட்டையானாலோ அழுத்தம் மிஞ்சிவிட்டது, அன்றைக்கு அதோடு சரி. கேஸுக்குள் புல்லட் உட்காரும் ஆழத்தைக் கடைசியில்தான் தொடுவேன்.

மேசையில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். ஒருமுறை இரண்டு இருந்தன. மருந்து அளவியில் கிடந்தது எது என்று தெரியாமல் அப்படியே வெளியே கொட்டிவிட்டேன். வயிற்றெரிச்சல்தான், விரல்கள் மிச்சம்.

டிரிகரில் அரம் போடாதீர்கள். நானும் எண்ணெய்க்கல்லை எடுத்துவிட்டு, நல்லவேளை, திரும்ப வைத்தேன். திருகு வைத்த மாற்று டிரிகர் வாங்கி, இழுக்கத் தேவையான கனத்தை இரண்டரை பவுண்டில் நிறுத்தினேன். பிறகு காலித் துப்பாக்கியைக் காக் செய்து (சுடும் நிலைக்கு இழுத்து வைத்து), சேஃப்டியை எடுத்து, அடிக்கட்டையை ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டுங்கள். ஒரு 'க்ளிக்' கேட்டாலும் டிரிகர் தானாக விடுபடுகிறது என்று அர்த்தம், திருகைத் திருப்பி கனத்தைக் கூட்டுங்கள்.