கிற்றாரில் ஊறிப்போன ஸ்டிக்கர் பசையை எடுக்கும் விதம்

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது கிற்றாரில் ஒட்டிய ஸ்டிக்கரின் பசை இளகி விளிம்பால் கசியத் தொடங்கும். அதில் தூசியும் கை அழுக்கும் பிடித்து, ஸ்டிக்கரைச் சுற்றி ஒரு கறுப்புக் கரை கட்டும். பிறகு மாரி மழை வந்து ஈரம் ஏறினால் கடதாசி ஊதி உரிந்துபோகும், பசை மட்டும் மிஞ்சும். மட்டக்களப்பில் கிற்றார் திருத்தும் எனக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழக்கம். தேவாலயப் பாடகர் குழுவின் கிற்றார், பள்ளிக்கூடத்துக் கிற்றார், பறங்கியர் கல்யாண வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசித்துத் தேய்ந்த கிற்றார் என்று எல்லாம் வருகின்றன. பசையோடு வருபவை எனக்குக் கவலை தருவதில்லை. பசையை எடுக்கப்போய்ப் பூச்சு உருகிய நிலையில் வருபவைதான் மனதை வருத்தும். பசையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், உருகிய பூச்சைத் திரும்ப வைப்பது பெரிய வேலை. வீட்டிலேயே இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக, நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

பசையைத் தொட முதல் உங்கள் கிற்றாரின் பூச்சு எது என்று அறிய வேண்டும். இங்கே கடைகளில் வாங்குபவை பெரும்பாலும் பொலியூரிதேன் அல்லது பொலியெஸ்டர் பூச்சுள்ளவை. இரண்டையும் சேர்த்துப் பொலி என்போம். கண்ணாடி ஊற்றியது போலத் தடிப்பாக இருக்கும், அடிபட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கீழே சொல்லப்போகும் திரவங்களில் பலவற்றை இது தாங்கும்.

நைற்றோசெலுலோஸ் லக்கர் அப்படித் தாங்காது. லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் மாமா ஊருக்கு வரும்போது கொண்டுவந்த பழைய அமெரிக்கக் கிற்றார் என்றால் கவனமாகப் பாருங்கள். கிப்சன் கிற்றார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் இதுதான் பூச்சு. பென்டர் நிறுவனம் 1960களின் கடைசியில் பொலியெஸ்டருக்கு மாறியது, அதற்கு முந்தியவை பெரும்பாலும் நைற்றோ. இது மெல்லிய பூச்சு. வயது போகப் போக மஞ்சளிக்கும், குளிரும் வெப்பமும் மாறி மாறிப் பட்டால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். வெள்ளை நிறக் கிற்றார் பழுத்த நிறமாகியிருந்து, வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கும்போது அந்த வெடிப்புகளும் தெரிந்தால், நைற்றோ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கையால் செய்த நல்ல கிளாசிக்கல் கிற்றார் சிலவற்றில் செலாக் பூசியிருப்பார்கள். அரக்குப் பூச்சியிலிருந்து வரும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியதால் ஸ்பிரிட் பட்டால் திரும்பவும் கரையும். கல்யாண வீட்டில் சாராயக் கிளாஸை அதன் மேல் வைத்தால் அந்த வட்டம் அப்படியே பதிந்துவிடும்.

எது என்று தெரியாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் சோதித்துப் பாருங்கள். தோள்பட்டி மாட்டும் குமிழைக் கழற்றினால் அதன் அடியில் ஒரு சின்ன வட்டம் கிடைக்கும், அது போதும். மின்கிற்றார் என்றால் பின்பக்க மூடிக்கு அடியில் மறையும் பகுதி நல்ல இடம். காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சியில் பார்மசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு துளி விட்டு, பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு ஒட்டிக்கொண்டால், அல்லது பளபளப்பு மங்கினால், அது செலாக் அல்லது நைற்றோ. ஒன்றும் ஆகாவிட்டால் பொலியாக இருக்கலாம், ஆனால் நன்றாக இறுகிய நைற்றோவும் ஸ்பிரிட்டைத் தாங்கக்கூடும். அப்போதும் சந்தேகம் மிஞ்சினால் நைற்றோ என்றே நினைத்து வேலை செய்யுங்கள். அப்படிச் செய்தால் நேரம் கூடப் போகும், கிற்றாருக்கு ஒன்றும் வராது.

ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி தன் கிற்றாரைக் கொண்டுவந்தான். முன்பலகை முழுக்கச் சின்ன வயதில் ஒட்டிய கிரிக்கெட் ஸ்டிக்கர்கள். “அண்ணன், தின்னர் போட்டுத் துடச்சா உடனே போயிருமாம், உண்மையா?” என்று கேட்டான். “போகும் தம்பி. அதோட பூச்சும் போகும்” என்றேன். ஹாட்வெயார் கடையில் போத்தலில் தரும் தின்னரின் வேலையே லக்கரைக் கரைப்பதுதான். நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோனும் அப்படித்தான். பொலி பூச்சு அதைச் சற்று நேரம் தாங்கலாம், ஆனால் ஓரத்தில் ஓடும் பிளாஸ்டிக் பட்டியும், முன்பலகையில் கீறல் விழாமல் காக்கும் பிக்கார்ட் தகடும் உருகும். தின்னரையும் அசிற்றோனையும் கிற்றார் இருக்கிற அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். நரம்புகளைத் தளர்த்தி, ஒலித்துளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். கிற்றாரைத் தடித்த துவாயின் மேல் படுக்க வையுங்கள்.

ஸ்டிக்கரின் கடதாசி இன்னும் இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். முடி காயவைக்கும் ஹெயார் டிரையரை ஆகக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். அவ்வப்போது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை தாங்காத சூடு பூச்சுக்கும் அதிகம். டிரையர் இல்லையென்றால் கிற்றாரை வெயிலில் வைத்துச் சூடாக்கலாம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் மத்தியான வெயிலில், முன்பலகையில் நரம்புகளைத் தாங்கும் பாலத்தின் அடிப்பசையே விட்டுப்போகும், முன்பலகை வளையும். அதற்குப் பதிலாகச் சுடுநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் ஸ்டிக்கரின் மேல் வைத்தால் போதும். வெடிப்புள்ள பூச்சில் இந்த ஈரத்துணி வேண்டாம், தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கி மரத்தை ஊதவைக்கும்.

இளகியதும் ஒரு மூலையை நகத்தால் கிளப்புங்கள். மேல்நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்து, கிற்றாரோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பலவீனமான நைற்றோ பூச்சும் ஸ்டிக்கரோடு வந்துவிடும். கிளம்பாத மூலைக்கு, நரம்பு மீட்டும் பழைய பிக் ஒன்று நல்ல கருவி, முடிந்துபோன ரீலோட் அட்டையும் உதவும். பிளேட், கத்தி எதுவும் வேண்டாம். நுரைப்பஞ்சு வைத்த இரட்டைப்பக்க ரேப் ஒட்டியிருந்தால், நைலோன் நூலை அதன் அடியில் கொடுத்து இடம் வலமாக அறுத்து எடுங்கள்.

இனிப் பசை. எல்லாப் பசையும் ஒன்றில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இலக்கம் எழுதி கம் பூசி ஒட்டிய பழைய கடதாசித் துண்டு என்றால், அந்தக் கம் தண்ணீரிலேயே கரையும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. கடையில் வாங்கும் ஸ்டிக்கரின் பசை வேறு, அது தண்ணீருக்கு அசையாது. ஆகவே முதலில் பிழிந்த ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். வழுக்கினால் தண்ணீரோடு தொடருங்கள், ஒட்டும் தன்மை மாறாவிட்டால் நிறுத்துங்கள்.

தண்ணீருக்கு அசையாத பசை புதிதாக இருந்தால் பெருவிரலால் உருட்டியே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வரும். மாஸ்கிங் ரேப்பை அதன் மேல் அழுத்தி மெல்லக் கிளப்பினாலும் பசை ரேப்போடு வரும். ரேப்பால் எடுப்பதைப் பொலியில் மட்டும் செய்யுங்கள். கையால் எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்த பிறகே திரவத்துக்குப் போக வேண்டும். நேரே திரவம் போட்டால் அத்தனை பசையும் கரைந்து, கிற்றார் முழுக்கப் பரவும்.

வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பளபளப்பான பொலி பூச்சில் நன்றாக வேலை செய்யும். பசையின் மேல் மட்டும் தடவி, கால் மணித்தியாலம் விட்டுவிடுங்கள். எண்ணெய் உள்ளே ஊறிப் பசையின் பிடியை விடுவிக்கும். பிறகு பிக்கின் விளிம்பால் மெல்ல வழித்து, மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். பழைய பெனியன் துணியை விட நல்லது ஒன்றும் இல்லை. கடைசியில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, எண்ணெயைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். வெடிப்புள்ள பூச்சிலோ, பூச்சில்லாத மரத்திலோ, விரல்பலகையிலோ எண்ணெய் படக்கூடாது. உள்ளே இறங்கிய எண்ணெய் கறுத்த திட்டாக நிற்கும், பின்னால் அந்த இடத்தில் பூச்சோ பசையோ பிடிக்காது.

எண்ணெய்க்கும் அசையாத பழைய பசைக்கு நான் நம்புவது நப்தாவை. திரி வைத்த லைற்றருக்கு ஊற்றும் திரவம் அது, சிறிய தகரத்தில் வரும். ஸிப்போ, ரொன்சொனோல் என்ற பெயர்களில் தேடலாம். வாயு அடைத்த லைற்றர் டப்பாவை வாங்கிவிடாதீர்கள், அது வேறு பொருள். நப்தா ரப்பர் பசையையும் மெழுகையும் நன்றாக இளக்கும், எண்ணெய்ப் படலம் விடாமல் ஆவியாகிப் போகும். பொலிக்கும், நன்றாக இறுகிய நைற்றோவுக்கும், செலாக்குக்கும் சட்டென்று துடைத்து எடுக்கும் அளவில் அது தீங்கு செய்வதில்லை. ஆனாலும் நான் முன்பு சொன்ன மறைவான இடத்தில் இதையும் ஒருமுறை சோதியுங்கள்.

திரவத்தைக் கிற்றாரில் ஊற்றாமல் துணியை மட்டும் நனையுங்கள், சொட்டாத அளவுக்கு. பசையின் வெளி விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கித் துடையுங்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். ஒரே இடத்தால் திரும்பத் திரும்பத் துடைப்பதுதான் பலர் செய்வது, அப்போது எடுத்த பசையையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். பொலியில் பசை மிகவும் இறுகியிருந்தால், நனைத்த சிறு துணித்துண்டை அதன் மேல் ஓரிரு நிமிடம் விடலாம். நைற்றோவில் அப்படி விடவே வேண்டாம். துடைத்து, காயவிட்டு, மறுபடி துடைத்து என்று பொறுமையாகப் போகவேண்டும்.

நப்தா நெருப்புப் பிடித்தால் கணத்தில் பரவும். கதவு ஜன்னல் திறந்த விறாந்தையில் இருந்து செய்யுங்கள். நம் வீடுகளில் பின்னேரமானால் நுளம்புத் திரி புகைந்துகொண்டிருக்கும், சாமிப் படத்தின் முன் விளக்கு எரியும். இரண்டும் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தகரத்தைத் திறவுங்கள். டிரையரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பெற்றோலால் துடைக்கச் சொல்வோர் உண்டு, நான் விடமாட்டேன். அதன் ஆவி ஆபத்தானது, கலந்திருக்கும் சேர்மானங்கள் பூச்சில் தங்கும். நப்தா கிடைக்கவே இல்லை என்றால் பொலி பூச்சில் மண்ணெண்ணெயைக் கொஞ்சமாகத் துணியில் தொட்டுப் பாவிக்கலாம், நெருப்புக் கவனம் அதற்கும் உண்டு. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், மணம் நாட்கணக்கில் நிற்கும், சவர்க்கார நீரால் துடைக்கவும் வேண்டியிருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பொலிக்கு மட்டும்தான். தலைப்பகுதியில் அச்சடித்த பெயர் இருந்தால் ஸ்பிரிட்டை அதன் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

பளபளப்பில்லாத மற் பூச்சுக்குத் தனியாக ஒரு சொல். அதை அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் மினுங்கத் தொடங்கும், அந்த மினுக்கத்தைப் பிறகு மறைக்க முடியாது. பிக்கால் வழிப்பது, பற்பசை, பொலிஷ் எதுவும் அதற்கு ஆகாது. நப்தாவால் மெல்ல ஒற்றி எடுப்பது ஒன்றே வழி. பற்பசை பளபளப்பான பூச்சுக்கும் நல்லதில்லை, அதிலுள்ள நுண்தூள் கீறும். சிலிக்கோன் கலந்த தளபாட ஸ்பிரேயையும் தவிர்த்துவிடுங்கள். என்றாவது அந்தக் கிற்றாருக்குப் புதிதாகப் பூச்சுப் போட வந்தால், சிலிக்கோன் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காமல் குழிகுழியாக விலகும்.

எல்லாம் போனதும் ஜன்னல் வெளிச்சத்தில் கிற்றாரைச் சரித்து, மேலே ஒருமுறை மூச்சு விட்டுப் பாருங்கள். மிஞ்சிய பசை இருந்தால் மூச்சின் ஆவி அந்த இடத்தில் வேறு விதமாகப் படியும். பொலியில் லேசான மங்கல் இருந்தால் கிற்றாருக்கென்றே விற்கும் சிலிக்கோன் இல்லாத பொலிஷ் போதும்.

சில சமயம் பசை முழுக்கப் போன பிறகும் ஸ்டிக்கரின் வடிவம் அப்படியே தெரியும். சுற்றியுள்ள பூச்சும் மரமும் வெளிச்சத்தில் நிறம் மாறியிருக்க, ஸ்டிக்கருக்கு அடியில் மறைந்திருந்த பகுதி பழைய நிறத்தில் இருந்ததால் வருவது அது. தேய்த்தால் போகாது, தேய்த்துப் பூச்சை மெலிவாக்கிவிடாதீர்கள். நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் கிற்றாரை வைத்து வாசித்துக்கொண்டிருந்தால் காலப்போக்கில் ஓரளவு சமனாகலாம். சில வினைல் ஸ்டிக்கர்கள் நைற்றோவோடு வேதிமாற்றம் அடைந்து பூச்சையே இளக்கியிருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும், எத்தனை முறை துடைத்தாலும் பிசுபிசுப்பு மாறாது. அங்கே நிறுத்திவிட்டு, பூச்சு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

ஒலித்துளைக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும் கடதாசியையும் ஸ்டிக்கர் என்று நினைத்து உரிப்பவர்கள் இருக்கிறார்கள். மாதிரியின் பெயரும், சிலவற்றில் தொடர் இலக்கமும் அதில்தான் இருக்கும். கறை பிடித்திருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். பாவித்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாமல் வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள். கிற்றாரையும் அன்றைக்கே உறைக்குள் வைக்காமல் ஒரு இரவு வெளியில் விட்டு, அடுத்த நாள் நரம்புகளை முறுக்கிச் சுருதி கூட்டுங்கள்.